இரவு 2.50-க்கு வந்த கோப்பெருஞ்சோழன்

மக்களே,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். நானும் சரி என்று வைத்துவிடுவேன். அம்மா முந்திரிக்கொத்து செய்திருக்கிறாள், அந்த டப்பாவுக்குள் இதை மடித்து வைக்கிறேன். எண்ணெய் பட்டாலும் எழுத்து தெரியும்.

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, ரப்பர் பால்வெட்டு வாரத்தில் மூன்று நாள்கூட நடக்கவில்லை. அக்கா பிள்ளைகளோடு வந்து போனாள். கிணற்றடி விஷயம் அப்படியே கிடக்கிறது. சித்தப்பா இறங்கி வரவில்லை, நானும் இறங்கவில்லை. அதையெல்லாம் நீ யோசிக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அனுப்புகிற வீடியோ, பாட்காஸ்ட் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்கிறேன். காலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கும்போதே சட்டைப் பையில் போட்டுவிடுவேன். கீழ் வரிசை வெட்டி முடிவதற்குள் ஒன்று முடிந்துவிடும். கீழடி பற்றி நீ அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். பானை ஓட்டில் ஒரு சாதாரண ஆள் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான் என்று கேட்டபோது கத்தியை நிறுத்திவிட்டு நின்றேன். அப்புறம் பார்த்திவசேகரபுரம். எத்தனை தடவை அந்தக் கோயிலுக்குப் போயிருப்போம், பாட்டா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போவார். 866-இல் கருநந்தடக்கன் என்ற ஆய் வம்சத்து மன்னன் அங்கே சாலை என்கிற கல்விக்கூடம் வைத்து 95 மாணவர்களைப் படிக்க வைத்தான் என்று செப்பேட்டில் இருப்பது, நீ சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசான் நம்ம அதங்கோட்டுக்காரர்தான் என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம், பாயிரத்தில் ஒரு வரி கேட்டால் யாருக்கும் வராது. உனக்கு வரும். எஞ்சினியரிங் படித்த பிள்ளைக்கு வரும். பஸ் ஸ்டாண்டில் தமிழ் வாத்தியாரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் ஒன்று. முன்பு அனுப்பும்போது அடியில் இரண்டு வரி எழுதுவாய். "அப்பா, இதில் பன்னிரண்டாவது நிமிஷம் கேளுங்க" என்று போடுவாய். குமரிக்கண்டம் வீடியோ ஒன்றை நான் உனக்கு அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? கடலுக்கடியில் நாடு, மலை, ஆறு எல்லாம் வரைபடம் போட்டுக் காட்டியிருந்தார்கள். நான் அப்படியே நம்பிவிட்டேன். நீ அதற்கு 11 நிமிஷம் பேசி அனுப்பினாய். லெமூரியா என்ற பெயரே 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல்காரர் வைத்தது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர்களின் சுவடு எப்படி வந்தது என்று விளக்க வைத்தது, நிலத்தட்டுகள் நகர்வது தெரிந்த பிறகு அந்தக் கண்டத்துக்குத் தேவையே இல்லாமல் போனது என்று பொறுமையாகச் சொன்னாய். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சுனாமியில் மணக்குடிப் பாலத்தைக் கடல் தூக்கி எறிந்ததை நேரில் போய்ப் பார்த்தவன் நான். "குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று சிலப்பதிகாரம் சொன்னால் எனக்கு அது பொய்யாகத் தெரியாது. அதற்கும் நீ பதில் வைத்திருந்தாய். கடல் கொண்டது உண்மையாக இருக்கலாம் அப்பா, ஊரைக் கொண்டிருக்கும், கரையைக் கொண்டிருக்கும், ஒரு கண்டத்தையே கொண்டது என்பது வேறு பேச்சு, அந்தப் பாட்டு பாட்டாகவே நமக்குப் போதாதா என்று கேட்டாய். வாத்தியார் மாதிரி பேசினாய். அந்த 11 நிமிஷத்தை நான் அழிக்கவில்லை. அம்மாவுக்கும் போட்டுக் காட்டுவேன். நீ இடையில் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூட அதில் இருக்கிறது. உன் குரலை நீளமாகக் கேட்டது அதுதான் கடைசி.

இப்போது வெறும் லிங்க் மட்டும் வருகிறது. ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. அனுப்பின நேரம் கீழே சின்னதாக இருக்கிறது, கண்ணாடி போட்டால் தெரிகிறது. முன்பு சனி, ஞாயிறில்தான் வரும். இப்போது செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வருகிறது, புதன்கிழமை மத்தியானம் வருகிறது. அவ்வளவு பெரிய ஆபீசில் வேலை நாளில் இரண்டு மணி நேரப் பேச்சைக் கேட்க நேரம் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். பையன் பஸ்ஸில் போகும்போது கேட்பான் என்று சொல்லி வைத்தேன். ராத்திரி தூங்கு மக்களே. தூக்கம் இல்லாவிட்டால் புத்தி ஒன்றைப் பத்தாகக் காட்டும்.

போன வியாழன் இரவு 2.50-க்கு வந்தது கோப்பெருஞ்சோழன் கதை. மழையானதால் வெட்டு இல்லை, திண்ணையில் இருந்து கேட்டேன். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் அப்பனுக்கு எதிராகப் படையோடு வருகிறார்கள். அவனும் கிளம்புகிறான். புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுக்கிறார்: நீ ஜெயித்தால் உனக்குப் பிறகு நாட்டை யாருக்குக் கொடுப்பாய், தோற்றால் பழிதானே மிச்சம் என்கிறார். சண்டையை விட்டுவிட்டு, உயிர் போகும்வரை உண்ணாமல் வடக்குப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இதை ஏன் எனக்கு அனுப்பினான், நம் இரண்டு பேரையும் பற்றியா, நான் ஏதாவது சொல்லிவிட்டேனா என்று போன ஓணத்துக்கு நீ வந்தபோது பேசினது எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். உண்ணாமல் உட்கார்ந்தவன் கதையை ராத்திரி மூன்று மணிக்கு ஒரு பிள்ளை அப்பனுக்கு அனுப்பினால், அப்பன் என்ன செய்வான்? நீ சாப்பிடுகிறாயா? கடையில் வாங்காதே, ஒரு கஞ்சியாவது வைத்துக் குடி.

மறுபடி போட்டுக் கேட்டேன். பிசிராந்தையார் வர மாட்டார் என்று கூட இருக்கிறவர்கள் சொல்கிறார்கள். முகமே பார்த்திராத சிநேகம், பாண்டி நாட்டில் எங்கேயோ இருக்கிற ஆள். சோழன் சொல்கிறான்: "செல்வக் காலை நிற்பினும், அல்லற் காலை நில்லலன் மன்னே." நன்றாக இருந்த காலத்தில் வராமல் இருந்தாலும் இருப்பார், துன்பம் வந்தால் நிற்க மாட்டார், வந்துவிடுவார். அவருக்கும் பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். அவரும் வந்துவிடுகிறார். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, உன் அம்மாவிடம்கூட வாய் திறந்து சொன்னதில்லை.

நீ அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அண்டி ஆபீஸை, அந்த முந்திரிப் பருப்பு ஆலையை, ஒரே நாளில் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு, அம்மா கட்டித் தந்த சோற்றுப் பாத்திரத்தோடு இறங்கினேன். மார்த்தாண்டத்தில் எங்கே நின்றாலும் தெரிந்த முகம். அதனால் சிதறால் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். மலைக்கு மேலே அப்போது இவ்வளவு ஆள் வராது. பாறைக்கு அடியில், நிழலில், சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். சோற்றைத் தின்பேன், பாத்திரத்தைக் கழுவுவேன், அஞ்சரை பஸ்ஸுக்கு இறங்குவேன். நாலு மாதம். சம்பளம் என்று அம்மா கையில் கொடுத்தது வட்டிக்கு எடுத்த பணம். அம்மாவின் செயின் போனது அந்தக் கடனில்தான், நான் சொன்ன காரணத்தில் இல்லை.

ஒரு நாள் உன் பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார்கள். படியேறும்போதே உன் குரல் கேட்டது. நான் எழுந்து பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நீங்கள் போகும் வரைக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல், சோற்றுப் பாத்திரம் சத்தம் போடக் கூடாது என்று வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ராத்திரி நீ பாம்பு குடை பிடிக்கிற சாமியைப் பார்த்தேன் அப்பா என்று கையை விரித்துக் காட்டினாய். நான் முதல் தடவை கேட்கிறவன் போல அப்படியா அப்படியா என்று கேட்டேன். அது சமணர்களின் பார்சுவநாதர் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் தினமும் சோறு தின்றது அவர் எதிரில்தான்.

நீ எனக்கு முதல் முதலாக அனுப்பின வீடியோ சிதறால். "அப்பா, இது பாருங்க" என்று மட்டும் எழுதியிருந்தாய். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கிக் குரத்தி என்ற சமணத் துறவிப் பெண் அங்கே பகவதிக்குப் பொன் கொடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், குரத்தி என்றால் ஆசிரியை என்று அதில் சொன்னார்கள். நாலு மாதம் அந்தப் பாறையோடு கிடந்தேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே. அந்த வீடியோவில் கேமரா வலது பக்கம் திரும்பும்போது ஒரு வெடிப்பு தெரிகிறது. நான் நின்றது அதற்குள்தான். அன்றைக்கு நீ என்னைப் பார்த்தாயா மக்களே? பார்த்துவிட்டுத்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாயா? இத்தனை வருஷமாக இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாவுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அண்டி வறுக்கிற புகை நாற்றம் சட்டையில் இருந்து போகவே போகாது. அந்த நாலு மாதம் துவைக்கிறவளுக்கு அந்த நாற்றம் வரவில்லை. அவள் கேட்கவில்லை, பாத்திரத்தில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். நான் சொல்லட்டும் என்று அவள் இருந்தாள், அவள் கேட்கட்டும் என்று நான் இருந்தேன்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ரப்பர் ஷீட் விற்ற பணம் பாங்கில் அப்படியே இருக்கிறது, வீட்டு வாடகைக்கோ எதற்கோ வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும், காரணம் வேண்டாம். இந்த மழைக்கு எனக்கு இங்கே வேலையும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் இருந்து பெங்களூர் வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவிடம் உனக்குக் கிழங்கும் மட்டிப்பழமும் கொண்டு கொடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், விலாசம் என்னிடம் இருக்கிறது. ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் வை.

டப்பாவைக் கழுவி எடுத்து வை, அம்மா கேட்பாள். சாப்பிடு.

அப்பா