நடுத்தூண் வேண்டாம், அப்பா

டோகா, கட்டார்
ஜூலை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் நோவு எப்படி? இங்கே செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில்தான் காம்பில் மேல்கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். தலவாக்கலைக் குளிரைக் கனவில்தான் காண்கிறேன்.

லயத்துக்குப் பின்னால் பழைய பவுசர் வண்டியின் இரும்புத் தாங்கியைத் தண்ணீருக்காகத் தூண்களின் மேல் கிடையாக வைக்கப் போவதாகத் தம்பி சொன்னான். நடுவிலும் ஒரு தூண் கட்டினால் பாரம் மூன்றாகப் பிரியும் என்றாராம் மேசன். பிரியாது அப்பா. வந்த புதிதில் நானும் அப்படிச் சொல்லித்தான் போர்மனிடம் ஏச்சு வாங்கினேன்.

ஒரு மீட்டர் குறுக்கு, மூன்று மீட்டர் நீளம் என்றால், தண்ணீர் நிறைந்ததும் இரும்போடு சுமார் 2,800 கிலோ. இரண்டு முனையிலும் நடுவிலும் தூண் வைத்தால், மூன்றும் ஒரே மட்டமாக இருந்தால்கூட கணக்குப்படி ஓரத்துத் தூணுக்கு 525 கிலோ, நடுத்தூணுக்கு 1,750. தாங்கியோ லேசில் வளையாது. மழையில் நடுத்தூண் கொஞ்சம் இறங்கினால் அது சும்மா நிற்கும். ஓரத்துத் தூண் ஒன்று இறங்கினால் மொத்தமும் நடுத்தூணின் தலையில்.

சவுக்குக் கட்டையை மூன்று பேராகச் சுமந்து இறங்குவீர்களே, நடுவில் நீங்கள். மேட்டில் பாரமெல்லாம் உங்கள் தோளில். பள்ளத்தில் நீங்கள் கைவீசி நடக்க, "நடுவுல நிக்கிறவன் ஏமாத்துறான்" என்று பின்னாலிருந்து மாமா கத்துவார். அதேதான் இது.

இரண்டு தூண் என்றால் மண் கொஞ்சம் இறங்கினாலும் பாதிக்குப் பாதிதான். கிடையாக வைக்கும் தாங்கிகளுக்கு ஸிக் என்ற அமெரிக்கர் 1951இல் வெளியிட்ட கணக்கும் இரண்டு தாங்குகால்களுக்குத்தான்; இங்கே இன்னும் அதை வைத்துத்தான் வேலை. தூணின் தலையைத் தாங்கியின் வயிற்றுக்கேற்ப குழிவாகக் கட்டச் சொல்லுங்கள். சுற்றில் மூன்றில் ஒரு பங்காவது அதில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தகடு நசுங்கும். முனை மூடியிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் தூண் வரட்டும். மூடிதான் அங்கே தாங்கியின் உருண்டை வடிவம் கெடாமல் பிடித்துக்கொள்ளும். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் இங்கே பெரிய தாங்கிகளில் ஒரு தாங்குகாலை நகர விடுவோம். உங்கள் தாங்கிக்கு அது பெரிய காரியமில்லை.

மிச்சமாகும் சிமெந்தை அத்திவாரத்துக்குப் போடுங்கள். பள்ளப்பக்கத் தூண் வெட்டிய தரையில் நிற்கட்டும், நிரப்பிய மண்ணில் வேண்டாம்.

10ஆம் திகதி சம்பளம் வந்ததும் காசு அனுப்புகிறேன். மேசனிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், கோபித்துக்கொள்வார்.

உங்கள் மகன்