லஹ்ஹாம்: மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போனில் நீ கேட்டபோது அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். ரெண்டு நாளாக அதே நினைப்பு. எழுதினால்தான் சரியாக வரும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் வேலைத் தாளில் வெல்டர் என்பதற்கு அரபியில் 'லஹ்ஹாம்' என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்த சிரியாக்காரர், தங்கள் ஊரில் லஹ்ஹாம் என்றால் கசாப்புக்காரர் என்றாராம். எது சரி என்று கேட்டாய். ரெண்டும் சரி, தம்பி.

அரபி, எபிரேயம் போன்ற செமித்தியக் குடும்பத்து மொழிகளில் ஒரு சொல்லின் பொருள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளில் குடியிருக்கும். இங்கே அவை ல், ஹ், ம். இடையில் உயிரொலியை மாற்றியும், முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தும், நடு எழுத்தை இரட்டித்தும் சொற்களை உண்டாக்குவார்கள். அரபியில் 'லஹ்ம்' இறைச்சி. அதை விற்பவர் சிரியாவில் லஹ்ஹாம். நீ இருக்கிற குவைத்தில் அவருக்குக் 'கஸ்ஸாப்' என்று பெயர். நம் கசாப்புக்கடைக்குப் பெயர் தந்ததும் அதுதான். அதே மூன்று எழுத்துக்கு ஒட்டுவது, சேர்ந்து பிடிப்பது என்ற பொருளும் உண்டு. 'லிஹாம்' என்றால் பற்றவைப்பு. துணி நெய்யும்போது குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு 'லுஹ்மா'. இரும்போடு இரும்பைச் சேர்க்கிற உனக்கு லஹ்ஹாம் என்று பெயர் வந்தது இந்த வழியில்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இந்த வேரோடு பழைய பழக்கம் உண்டு. ஊழியப் பயிற்சியில் எபிரேயம் படித்த நாளில் மனப்பாடம் செய்த முதல் சொற்களில் ஒன்று 'லெஹெம்', அதாவது அப்பம். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று எத்தனை கிறிஸ்மசுக்குப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்! அதே ஊருக்கு அரபியில் 'பைத் லஹ்ம்' என்று பெயர். அரபிக்காரர் காதில் அது இறைச்சி வீடு. முதலில் இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பிறகு வேதத்தையே எபிரேயத்தில் கவனித்துப் படித்தேன். சிம்சோனின் தகப்பன் மனோவா தேவதூதனுக்கு வெள்ளாட்டுக்குட்டி சமைக்கப் பார்க்கிறார். உன் 'லெஹெம்' எனக்கு வேண்டாம் என்கிறார் தூதன். அங்கே அப்பமே பேச்சில் இல்லை. சவுல் ராஜா தன் படைக்கு அன்று சாயங்காலம் வரை 'லெஹெம்' கூடாது என்று ஆணையிடுகிறார். அது தெரியாத அவர் மகன் யோனத்தான் சாப்பிட்டது தேன், அதுவும் குற்றமாகிவிட்டது. ஆக லெஹெம் என்பது வெறும் அப்பம் இல்லை, உணவு. அந்தச் சிரியாக்காரரின் நாட்டிலேயே கடலோரத்தில் உகாரித் என்று ஒரு பழைய நகரம் மண்ணுக்குள் இருந்தது. 1929 முதல் அங்கே களிமண் ஏடுகள் எடுத்தார்கள். மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. அவற்றில் இதே மூன்றெழுத்து 'சாப்பிடு' என்ற வினையாக வருகிறது.

அறிஞர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: முதலில் பொதுவாக உணவைக் குறித்த சொல், அவரவர் முக்கிய உணவின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கோதுமை விதைத்தவருக்கு அப்பம், ஆடும் ஒட்டகமும் மேய்த்தவருக்கு இறைச்சி. எனக்கும் இது சரியாகவே படுகிறது. ஆனால் அப்படி உட்கார்ந்தபின் பிழைப்பு மாறினாலும் சொல் எழுந்திருப்பதில்லை. அரபியிலிருந்து பிரிந்து வளர்ந்தது மால்டா தீவின் மொழி. தீவில் இருந்துகொண்டும் அவர்கள் இறைச்சியை 'லஹம்' என்றுதான் சொல்கிறார்கள்.

நம் வீட்டில் கறி எடுத்தாச்சா என்றால் ஆட்டிறைச்சி. பக்கத்துத் தெரு ஐயர் வீட்டில் கறி என்றால் வாழைக்காய். யாழ்ப்பாணத்தில் காய்கறிக்கு மரக்கறி என்பார்கள். யாரும் தப்பாகப் பேசவில்லையே.

அரமேய மொழியின் ஒரு கிளையான சிரியாக், பழைய கிழக்குச் சபைகளின் ஜெப மொழி. அது எபிரேயத்தின் பக்கம் நின்றது. அதில் 'லஹ்மா' அப்பம். கர்த்தருடைய ஜெபத்தில் அந்தச் சபையார் கேட்பது அதைத்தான். நம் தமிழ் ஜெபத்திலோ 'ஆகாரத்தை' என்று இருக்கிறது. அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, மொழிபெயர்த்தவர் அந்த வேரின் பழைய பொருளைத் தொட்டுவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

எபிரேயத்தில் 'மில்ஹாமா' போர், அரபியில் 'மல்ஹமா' கடும் போர். இதுவும் அதே வேரா, ஒலி ஒத்துப்போன இன்னொரு வேரா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆளோடு ஆள் நெருக்கி மோதுவதை நாமே கைகலப்பு என்கிறோம்; அதனால் 'ஒட்டுதல்' பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

இப்படி ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் எனக்குப் பிடித்தவர் யூதா இப்னு குரைஷ் என்ற யூத அறிஞர். சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன், இன்றைய அல்ஜீரியாவில் தாஹெர்த்தில் இருந்தவர். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து யூதர்கள் வேதத்தின் அரமேய மொழிபெயர்ப்பை வாசிப்பதைக் கைவிடுகிறார்கள் என்று கேட்டு, எபிரேயத்தையும் அரமேயத்தையும் அரபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி எழுதினார். அவர் எழுதியதும் கடிதம்தான், தம்பி. கவலையில் எழுதிய கடிதம்.

ஊருக்கு ஊர் உணவு மாறுகிற சொல் இன்னொன்றும் உண்டு. உன்னோடு எகிப்துக்காரர் யாராவது இருந்தால், 'ஏஷ்' என்றால் என்ன என்று கேள். ரொட்டி என்பார். வாழ்வு என்ற வேரிலிருந்து வந்த சொல். குவைத்துக்காரரிடம் அதையே கேள். சோறு என்பார்.

மணிக்கட்டில் சுட்ட இடத்தில் சதை கூடிவிட்டதா? அதற்கும் அரபியில் லஹ்ஹாமின் அதே வேர்தான், 'இல்தஹம' என்பார்கள். நன்றாகக் கூடும்வரை அந்தக் கையில் கனமான வேலை எடுக்காதே. அம்மா தினமும் கேட்கிறாள், போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அப்பா