நமீபியா போறவங்களுக்கு சிங்கத்தை விட கப்பி ரோட்டைப் பத்தி சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல நமீபியாவுல நாமளே கார் ஓட்டிக்கிட்டு சஃபாரி போறதைப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் அருமை, அந்த செவப்பு மணல் மேட்டையும் காஞ்சு கருத்துப்போன மரங்களையும் பார்த்ததும் நாங்க போயிட்டு வந்த நாளெல்லாம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துடுச்சு. ஆனா கீழ போட்டிருந்த பயணத் திட்டத்தைப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. தலைநகர் விண்ட்ஹூக்ல ஆரம்பிச்சு சோசஸ்விலெய் மணல் மேடு, கடற்கரை ஊர் ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா வனவிலங்கு பூங்கா எல்லாம் ஆறே நாள்ல முடிச்சு திரும்ப விண்ட்ஹூக், அதுக்கு நடுவுல "ரோட்ல டிராஃபிக்கே கிடையாது, பறக்கலாம்"னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டரே எழுதுறேன்.

டிராஃபிக் இல்லங்கிறது உண்மைதான். 8 லட்சத்து 24 ஆயிரம் சதுர கிலோமீட்டர் இருக்கற நாட்டுல 2023 கணக்கெடுப்புப்படி ஜனமே சுமார் 30 லட்சம்தான், ஒரு மணி நேரம் ஓட்டினாலும் எதிர்ல ரெண்டு வண்டி வந்தா அதிகம். இடது பக்கமாத்தான் ஓட்டணும், ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான், அதனால நமக்கு பழகின மாதிரி ஒரு தைரியம் வந்துடும். ஆனா முக்கியமான சில ரோட்டை விட்டா மீதி பெரும்பாலும் தார் கிடையாது, கப்பி ரோடுதான். சி, டினு எழுத்து போட்டு நம்பர் குடுத்திருப்பாங்க, பார்க்க நல்லா அகலமா நேரா இருக்கும், அதுதான் ஏமாத்தற இடமே.

எங்களுக்கு நடந்ததைச் சொல்லிடறேன். நாங்க பெரியவங்க நாலு பேரு, தம்பி பையன் ஒருத்தன், மேல கூடாரம் வெச்ச டொயோட்டா ஹைலக்ஸ். மூணாவது நாள் சோசஸ்விலெய் வாசல்ல இருக்கற செஸ்ரீம்ல இருந்து கிளம்பி சாலிடேர்ங்கிற குட்டி ஊர்ல பெட்ரோல் போட்டுட்டு (எல்லாரும் சொல்ற அந்த ஆப்பிள் பையும் சாப்பிட்டோம், நல்லாவே இருந்தது) கடற்கரை பக்கம் போற ரோட்டைப் பிடிச்சோம். அந்த ரோடு துணி துவைக்கற கல்லு மாதிரி குறுக்க வரி வரியா மேடு பள்ளமா இருக்கும், 40ல போனா பல்லு எல்லாம் கடகடன்னு ஆடுது, கதவுல வெச்ச தண்ணி பாட்டில் குதிச்சு கீழ விழுது. தம்பி கொஞ்சம் கொஞ்சமா வேகத்தை ஏத்தினான், 80க்கு மேல போனதும் ஆட்டம் நின்னு வண்டி வழுக்கிட்டுப் போற மாதிரி சுகமா ஆயிடுச்சு, நாங்களும் ஆஹா இப்படித்தான் ஓட்டணும் போலன்னு நினைச்சுட்டோம்.

அந்த சுகம் ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. வேகமா போறப்ப சக்கரம் பள்ளத்துல இறங்கறதே இல்ல, மேட்டோட உச்சியை மட்டும் தொட்டுத் தொட்டு தாவிட்டுப் போகுது, அதாவது ஆட்டம் குறையக் குறைய டயருக்கும் ரோட்டுக்கும் இருக்கற பிடியும் குறையுது. 95ல போயிட்டிருந்தப்ப ஒரு வளைவு, ஓரத்துல உதிரிக் கல்லு குவிஞ்சு கிடந்தது, பின் சக்கரம் அதுல ஏறி வலது பக்கம் இழுத்துடுச்சு. தம்பி பயத்துல ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒரு வெட்டு அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டி பிரேக்கையும் மிதிச்சான், வண்டி குறுக்க திரும்பி ரோட்டு ஓரத்துல போய் நின்னுச்சு. சுத்தி ஒரே புழுதி, ஒண்ணும் தெரியல. பின் சீட்ல இருந்த பையன் அழக்கூட இல்ல, என் கையை மட்டும் இறுக்கிப் பிடிச்சிருந்தான், அந்த நகம் பதிஞ்ச இடம் ரெண்டு நாள் இருந்தது.

ஒரு அரை மணி கழிச்சு அந்தப் பக்கமா பிக்கப்ல வந்த உள்ளூர்க்காரர் ஒருத்தர் நிறுத்தினார். பெரியவர். முதல்ல எங்க எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார், அப்புறம் குனிஞ்சு உள்ளங்கையை டயர் மேல வெச்சுப் பார்த்தார், கொதிக்குது. எங்க மீட்டரை வாங்கி காத்தை அளந்தா தார் ரோட்டுக்கு வெச்சிருந்த காத்து அப்படியே இருக்கு. கார் குடுத்த ஆபீஸ்ல கப்பிக்கு 1.8 பார் (சுமார் 26 பிஎஸ்ஐ), மணலுக்கு அதையும் விட நல்லா குறைக்கணும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க, நாங்கதான் ஏர்போர்ட்ல இறங்கின அசதியில சரியா காதுல வாங்கல. அவரே நாலு சக்கரத்துலயும் காத்தை இறக்கிக் குடுத்துட்டு 70ல போங்க, அதுவே போதும்னு சொல்லிட்டுப் போனார். அவர் பேர் கூட கேட்கத் தோணல, அந்தக் குறை இன்னும் மனசுல இருக்கு.

அதனால உங்க வாசகர்களுக்கு இதை விவரமா போடுங்க. கப்பியில வண்டி இழுத்தா பிரேக் மிதிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை வெட்டக் கூடாது, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு வண்டி போற போக்குலயே மெதுவா நேர் பண்ணணும். மேல கூடாரம் இருக்கற வண்டி தலை கனத்தது, சுலபமா உருண்டுடும். நிறைய கம்பெனிங்க கப்பியில 80க்கு மேல போய் கவுத்தாலோ ஊருக்கு வெளிய ராத்திரியில ஓட்டி இடிச்சாலோ இன்சூரன்ஸ் தர மாட்டாங்க, கையெழுத்து போடற பேப்பர்லயே இருக்கும். பகல்லயும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்டணும், எதிர் வண்டி கிளப்பற புழுதியில வேற எதுவும் தெரியாது. பொழுது சாஞ்சா ஓட்டவே கூடாது, குடுனு பெரிய மான், முறுக்குக் கொம்போட இருக்கும், லைட்டைப் பார்த்து நேரா குறுக்க பாயும். இதையெல்லாம் கணக்குல எடுத்தா 350 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் வெச்சுக்கணும், அப்ப ஆறு நாள்ல எல்லாத்தையும் எப்படி முடிக்க முடியும் சொல்லுங்க?

முடிச்சாலும் என்னத்தைப் பார்க்கப் போறோம். சோசஸ்விலெய் பக்கத்துல டெட்விலெய்ல நிக்கற, உங்க போட்டோல வந்த அந்தக் கருத்த மரங்க செத்து 600 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு சொல்றாங்க, மணல் மேடு வந்து ஆத்தை மறிச்சதும் தண்ணி நின்னு போச்சு, காத்துல ஈரமே இல்லாததால மக்கக் கூட முடியாம அப்படியே நிக்குது. வெடிச்ச வெள்ளைக் களிமண் தரையில உக்காந்து காலை வெயில் ஏறறதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேணும். செஸ்ரீம் கேட்ல இருந்து 60 கிலோமீட்டர் தார் ரோடு, ஆனா கடைசி 5 கிலோமீட்டர் முழுக்க ஆழமான மணல், நாலு சக்கரமும் இழுக்கற வண்டி இல்லன்னா இறங்கவே கூடாது, ஓட்டத் தெரியலன்னா அங்க இருக்கற ஷட்டில் வண்டியில போயிடலாம், அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

எட்டோஷா பத்தியும் ஒண்ணு சொல்லணும். 22,270 சதுர கிலோமீட்டர், 1907லயே பாதுகாப்பு பகுதியா அறிவிச்ச இடம், நடுவுல வெள்ளையா உப்புத் தரை. உள்ள 60 கிலோமீட்டர் வேகம்தான், வேலி போட்ட இடத்தைத் தவிர வேற எங்கயும் கார்ல இருந்து இறங்கக் கூடாது. ஆனா நாங்க பார்க்கறப்பவே ஒரு கார்ல இருந்து அப்பாவும் பொண்ணும் இறங்கி வரிக்குதிரையோட செல்ஃபி எடுக்கறாங்க, நூறு அடி தள்ளி புதர் நிழல்ல பெண் சிங்கம் படுத்திருக்கறது எங்க கார்ல இருந்து நல்லா தெரியுது, ஹார்ன் அடிக்கவும் பயம், அடிக்காம இருக்கவும் பயம். கண்ணாடியை இறக்கி கையைக் காட்டிக் காட்டி அவங்களை உள்ள ஏத்தறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. ஒகௌகேயோ முகாம்ல ராத்திரி விளக்கு போட்ட தண்ணிக் குட்டை இருக்கு, சும்மா பெஞ்சுல உக்காந்திருந்தோம், காண்டாமிருகம் குட்டியோட வந்து தண்ணி உறிஞ்சற சத்தம் அவ்வளவு பக்கத்துல கேட்டுச்சு, அம்பது பேர் இருக்கோம், ஒருத்தர் தும்மக் கூட இல்ல. இறங்கி ஓடித்தான் மிருகம் பார்க்கணும்னு இல்லீங்க. இன்னொண்ணு, காண்டாமிருகம் போட்டோவை இடத்தோட பேரு தேதி போட்டு நெட்ல ஏத்த வேண்டாம்னு எழுதுங்க, கொம்புக்காக வேட்டையாடறவங்களுக்கு நாமளே வழி காட்டின மாதிரி ஆயிடும்.

உங்க போட்டோல ஒண்ணு, ரோட்டை விட்டு இறங்கி வெட்டவெளியில ஓட்டற ஜீப், அதைப் போட்டிருக்கவே வேண்டாம். கடற்கரை பக்கத்துல அந்தக் கல்லுத் தரை சும்மா காலியா கிடக்கற மாதிரி தெரியும், ஆனா அதுல பாசி மாதிரி லைக்கன் படர்ந்திருக்கு, குளிர்ந்த கடல்ல இருந்து வர்ற மூடுபனியைக் குடிச்சே உயிர் வாழுது. மேல ஒரு டயர் ஏறினா அந்தத் தடம் எத்தனையோ பத்து வருஷம் அழியாம நிக்கும். நாங்க பார்த்த ஒரு தடம் ரெண்டு கோடா தூரத்துக்குப் போயி ஒண்ணுமே இல்லாத இடத்துல திரும்பி வருது. எதுக்குப் போனாங்கன்னே தெரியல.

2022ல நம்ம மத்தியப் பிரதேசத்து கூனோ காட்டுக்கு எட்டு சீட்டாவை (சிவிங்கிப்புலி) அனுப்பி வெச்ச நாடு அது, அதுலேருந்து நம்ம ஆளுங்களுக்கும் ஒரு ஆசை வந்திருக்கு, இனிமே இன்னும் நிறைய பேர் போவாங்க, போகணும். அடுத்த இணைப்புல பத்து நாளுக்குக் குறையாத ஒரு திட்டமும் டயர் காத்து எவ்வளவுங்கிறதையும் சின்னதா கட்டம் கட்டிப் போடுங்க, அந்த "பறக்கலாம்"ங்கிற வரியை மட்டும் மறக்காம திருத்திடுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி