குச்சி ஒரே சுவரைப் பார்க்கட்டும்

அன்பு மகளுக்கு,

கோடையும் குளிரும் ஏன் மாறி மாறி வருகின்றன என்று பேத்தி உன்னைத் துளைத்தெடுப்பதாக எழுதியிருந்தாய். விடையைச் சொல்வதற்கு முன், அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டுப் பார். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகும்போது வெயில் கூடுகிறது என்றுதான் பெரும்பாலும் சொல்வாள். பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

உடனே மறுத்துவிடாதே. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது என்பதை மட்டும் சொல். வட அரைக்கோளம் குளிரில் நடுங்கும் மாதத்தில்தான் சூரியன் அருகில் இருக்கிறது; அதே ஜனவரியில் தென் அரைக்கோளத்தில் கோடை. தொலைவுதான் காரணமென்றால் உலகம் முழுவதற்கும் ஒரே சமயத்தில் அல்லவா கோடை வர வேண்டும்? இதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் அவளைக் குழம்ப விடு.

பிறகு ஒரு பந்தின் நடுவே குச்சியைச் செருகி, சற்றே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மேசை விளக்கைச் சுற்றி வரச் சொல். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. பந்துக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. நடக்கும்போது உடலோடு கையும் திரும்பிவிடுவதால் குச்சியின் முனை எப்போதும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிச் சுற்றினால் பருவம் மாறவே மாறாது. மேல் முனை அறையின் ஒரே சுவரை நோக்கியே இருக்க வேண்டும், பூமியின் அச்சு ஆண்டு முழுவதும் துருவ விண்மீன் பக்கமே நீண்டிருப்பதைப் போல. அப்போது, ஜூனில் விளக்கை நோக்கிச் சாய்ந்திருந்த வடபாதி டிசம்பரில் விலகிச் சாய்ந்திருப்பதை அவளே கண்டுகொள்வாள்.

இந்த இடத்தில், "சாய்ந்த பாதி விளக்குக்குக் கிட்டே வந்துவிட்டது" என்று பழைய விடைக்கே திரும்பப் பார்ப்பாள். பூமியின் விட்டமே 12,700 கிலோமீட்டர் அளவுதான். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு முன் அது ஒன்றுமில்லை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை எடு. தரையில் நேராக அடித்தால் சிறிய, பளிச்சென்ற வட்டம் விழும். சாய்த்து அடித்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்கிவிடும். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும் சூரியனின் ஒளி, உச்சியில் நிற்கும்போது விழுவதைவிட இரு மடங்கு பரப்பில் பரவுகிறது. போதாததற்கு, சூரியனை நோக்கிச் சாய்ந்த பாதியில் பகலும் நீளம்.

இவ்வளவும் பிடிபட்டபின், வடபாதியில் மிக நீண்ட பகல் ஜூன் 21 வாக்கில் வந்துவிடுகிறதே, பல நாடுகளில் வெயில் அதற்குச் சில வாரங்கள் கழித்து ஏன் உச்சத்துக்குப் போகிறது என்று கேட்கக்கூடும். நிலமும், அதைவிடக் கடலும், சூடேற நாளாகும் என்று சொல்.

அன்புடன்,
அப்பா