மருத்துவக் கஞ்சாவும் 600 அடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் மருத்துவக் கஞ்சா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, 1996இல் மக்கள் வாக்களித்து அனுமதித்ததோடு முடிந்துவிட்டது. ஊருக்கு ஊர் இழுபறி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அன்று நிறைவேறிய 215ஆம் முன்மொழிவு நோயாளியையும் அவரைப் பராமரிப்பவரையும் வழக்கிலிருந்து காத்தது. கடைகளுக்கு உரிமம் எதுவும் தரவில்லை. அமெரிக்கக் கூட்டரசின் (மத்திய அரசின்) கஞ்சாத் தடை இருந்ததால் டாக்டர் பரிந்துரைக்கத்தான் முடிந்தது, மருந்துச்சீட்டு எழுத முடியவில்லை. மருந்துக்கடையில் கிடைக்காததை விற்கத்தான் தனி நிலையங்கள் முளைத்தன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி நகரமன்றத்தின் தலையில் விழுந்தது.

நகரமன்றங்கள் பெரும்பாலும் முதலில் போடுவது இடைக்காலத் தடை. ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் ஆதரித்தால் 45 நாள் தடை உடனே அமலாகும். பிறகு 10 மாதம் 15 நாள், அதன்பின் இன்னும் ஓராண்டு நீட்டலாம். அதற்கு மேல் மாநிலச் சட்டம் இடம் தராது. அந்த இரண்டு ஆண்டுக்குள் நகரத் திட்டக் குழு கடைகளுக்கான விதிகளின் வரைவை எழுதி, மக்கள் கருத்தைக் கேட்டு, மன்றத்தில் நிறைவேற்றியாக வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் சறுக்கியது இங்கேதான். 2007இல் தடை போட்டபோது, கஷ்டநிலையைக் காட்டி விலக்குக் கேட்கலாம் என்று ஒரு வாசகத்தையும் சேர்த்தது. மனுக்கள் முடிவில்லாமல் கிடந்தன. மனுப் போட்டவர்கள் காத்திராமல் நூற்றுக்கணக்கில் கடை திறந்தார்கள். 2012இல் மன்றம் முழுத் தடை கொண்டுவந்து, எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டியதும் அதே ஆண்டில் திரும்பப் பெற்றது. கடைசியில் 2013 மே மாதம் வாக்காளர்களே முடிவு செய்தார்கள்: 2007 செப்டம்பருக்கு முன்பிருந்தே நடக்கும் ஏறத்தாழ 135 கடைகள் மட்டும் தொடரலாம். அதுவும் உரிமம் அல்ல, வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதி மட்டுமே.

வரைவில் நான் முதலில் தேடுவது தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதை. பள்ளியிலிருந்து 600 அடிக்குள் கடை கூடாது என்பது 2010இல் இயற்றிய மாநில விதி. அளப்பது வாசலிலிருந்து வாசலுக்கு அல்ல. பள்ளி மனையின் எல்லையிலிருந்து கடை மனையின் எல்லைக்கு, நேர்கோட்டில். நடுவே நெடுஞ்சாலை இருந்தாலும், சுற்றி நடந்தால் அரை மைல் ஆனாலும் கணக்கில்லை. பெரிய மைதானம் உள்ள பள்ளியென்றால் வட்டம் இன்னும் விரியும். இதோடு பூங்கா, நூலகம், வழிபாட்டிடம், வீடுகள் என்று ஊர்கள் தாமாகவும் வட்டங்களைச் சேர்க்கின்றன. எல்லாவற்றையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் எஞ்சுவது பேருந்து போகாத தொழிற்பேட்டை ஓரம். சட்டம் அனுமதிக்கிறது, சக்கர நாற்காலியில் இருப்பவரால் போய்ச் சேர முடிவதில்லை. வரைபடம் இணைக்காத வரைவை எந்த மன்றமும் வாக்குக்கு விடக் கூடாது.

நகரங்கள் இக்கடைகளை முழுமையாகத் தடுக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் ரிவர்சைடு வழக்கில் தீர்ப்பளித்தது. பல ஊர்கள் அந்த வழியிலேயே போயின. ஆனால் கருத்துக்கேட்பு மாலையில் நடக்கும், பேசக் கிடைப்பதோ இரண்டு மூன்று நிமிடம். கீமோ சிகிச்சையில் வாந்தியெடுத்துக் கிடப்பவர் அங்கே வந்து வரிசையில் நிற்க மாட்டார். கடை வேண்டாம் என்பவர்களின் அச்சம் நியாயமாகவே இருந்தாலும், மன்ற அரங்கு நிறைய அந்தக் குரலே கேட்கிறது.

2024 ஜனவரி முதல், நோயாளியின் வீட்டுக்கு மருத்துவக் கஞ்சா கொண்டுபோய்க் கொடுப்பதை எந்த ஊரும் தடை செய்யக் கூடாது என்பது மாநிலச் சட்டம். கடையை மறுத்த ஊர்களில் உள்ள நோயாளிகளுக்கு இது தெரிய வேண்டும். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓக்லாந்து, கலிபோர்னியா