ஹால்ட் பஸ்ஸில் படுப்பவர்கள் சார்பாக ஒரு திறந்த மடல்

மாண்புமிகு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், ஊதியப் பேச்சுவார்த்தைக் குழுவினருக்கும், அதே மேசையில் எங்கள் பெயரால் உட்காரும் சங்கத் தலைவர்களுக்கும்,

வணக்கம். அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் 15-ஆவது ஊதிய ஒப்பந்தம் 2027 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்தது மறுநாளே தொடங்க வேண்டும். காலண்டர் அப்படிச் சொல்கிறது, எங்கள் அனுபவம் வேறு. 2016 செப்டம்பரில் வர வேண்டிய 13-ஆவது ஒப்பந்தத்தில் 2018 ஜனவரியில் சில சங்கங்கள் கையெழுத்துப் போட்டன. மற்றவை அன்றே வேலைநிறுத்தத்தில் இறங்கின. 2019-இல் வர வேண்டியது 2022 ஆகஸ்டில் வந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தம் நான்கு ஆண்டாக நீண்டதும் அப்போதுதான். 2023 செப்டம்பரில் வர வேண்டியது, பொங்கல் நேரத்தில் ஒரு வேலைநிறுத்தம், உயர்நீதிமன்றம், தள்ளிவைப்பு எல்லாம் ஆகி, 2025 மே மாதம் 6 சதவீத உயர்வில் முடிந்தது. இதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு.

இவ்வளவு தாமதமாக உட்கார்ந்தால் இரண்டு விஷயம் பேசத்தான் நேரம் இருக்கும்: எத்தனை சதவீதம், நிலுவைக்கு எத்தனை தவணை. மீதிக் கோரிக்கைகள் எல்லாம் 'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்ற பக்கத்துக்குப் போய்விடும். மலைத்தடத்தில் ஹால்ட் அடிப்பவர்களுக்கு, அதாவது கடைசி ஊரிலேயே வண்டியோடு இரவு தங்குபவர்களுக்கு, ஓர் அறை என்ற கோரிக்கை அந்தப் பக்கத்திலேயே குடியிருக்கிறது.

நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ, கடைசி ஊருக்கு இரவு ஒன்பது, பத்து மணிக்குப் போய்ச் சேரும் வண்டி காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கிருந்து முதல் சிங்கிள் (ஒருவழி நடை) எடுக்க வேண்டும். நடுவில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வீடு அந்த வண்டிதான். மூன்று பேர் சீட்டில் முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். ஷட்டர் இறங்காத ஜன்னலில் அட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். நடத்துநருக்கு அன்றைய கலெக்‌ஷன் பைதான் தலையணை. அதில் ரூபாய் குறைந்தால் அவர்தான் கட்ட வேண்டும் என்பதால் அவருக்குப் பாதித் தூக்கம்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் வெளியே புல் வெள்ளையாகிவிடும், உள்ளே தகரத்தைத் தொட முடியாது. வயிறு கலக்கினால் தேயிலைச் செடிகளுக்குள்தான் போக வேண்டும். கோத்தகிரிப் பக்கம் கரடி எந்தச் செடிக்குப் பின்னால் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? சில ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) ஊர்க்காரர்கள் டீயும் வெந்நீரும் கொடுத்து, சமுதாயக் கூடத்தையும் திறந்துவிடுகிறார்கள். அது அவர்கள் பெருந்தன்மை. தயவுசெய்து அதை நிர்வாகத்தின் ஏற்பாடாகக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பணிக்குப் பெண்களும் வருகிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர்களுக்கு ஹால்ட் டூட்டி விழுந்தால் எங்கே படுப்பார்கள்?

அந்த அரைகுறைத் தூக்கத்தோடு எழுந்தவர்தான் காலையில் பனிமூட்டத்துக்குள், பள்ளிப் பிள்ளைகளும் எஸ்டேட்டுக்குப் போகும் பெண்களும் படிவரை நிற்கும் வண்டியைச் செகண்ட் கியரில் வளைவு வளைவாக இறக்கிக்கொண்டு வருகிறார். பின்னால் நிற்கும் அத்தனை உயிரும் அவர் கண் அசராமல் இருப்பதை நம்பித்தான் ஏறியிருக்கின்றன.

ஆகவே கேட்பது இதுதான். 2027 ஆகஸ்டு முடிவதற்கு முன்பே பேச்சுவார்த்தையைத் தொடங்குங்கள். மலைப்பகுதி ஹால்ட் அறையை ஒப்பந்தத்தின் ஷரத்தாகவே எழுதுங்கள். பூட்டுகிற கதவு, இரண்டு கட்டில், கம்பளி, கழிப்பறை, வெந்நீர், அவ்வளவுதான். சுற்றறிக்கை வேண்டாம். கிளை மேலாளர் மாறினால் சுற்றறிக்கையும் மறந்துபோகும். தொழிலாளர் துறை முன்னிலையில் போடும் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால் அந்தத் துறையிடமே போய் உரிமையோடு கேட்கலாம்.

கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்பீர்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது, மலைக்கு ஏறிவர 2024 ஆனது. நல்ல திட்டம். எஸ்டேட் பெண்கள் கையில் நாலு காசு நிற்கிறது, எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் திட்டத்துக்குப் பாராட்டு விழா நடக்கும் எந்த மேடையிலும், வண்டியை ஓட்டி வந்தவர் நேற்று ராத்திரி எங்கே படுத்தார் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சங்கத் தலைவர்களே, உங்களையும் விட்டுவிட முடியாது. ஆட்சி மாறினால் முதலில் கையெழுத்துப் போடும் சங்கமும் வெளிநடப்புச் செய்யும் சங்கமும் இடம் மாறிக்கொள்கின்றன. ஹால்ட் அறை எந்த ஆட்சியிலும் வரவில்லை. ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி 2015-இல் நின்றுபோய், அவர்கள் வயதான காலத்தில் நீதிமன்றப் படியேறியதையும் எல்லாருமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு யோசனை. சென்னை குரோம்பேட்டையில் மின்விசிறிக்குக் கீழே பல சுற்றுப் பேசியாயிற்று. அடுத்த முறை ஒரு சுற்றை டிசம்பரில் நீலகிரியில் வையுங்கள். விருந்தினர் மாளிகை வேண்டாம், கடைசி பஸ் ஏறி வாருங்கள். இரு தரப்புக்கும் ஆளுக்கொரு சீட் ஒதுக்கித் தருகிறோம், கம்பளியும் கொண்டுவருகிறோம். காலை ஆறு மணிக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும் என்பது என் கணிப்பு.

சரி, கேலி போதும். பணிவாகவே கேட்கிறேன். 16-ஆவது ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலை வாங்கும்போது இதைச் சதவீதத்துக்கு அடுத்த வரியிலேயே சேர்க்க வேண்டும். முதல் கூட்டத்தின் தேதியை இந்த ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். அதற்கு முன், மலைத்தடக் கிளைகள் ஒவ்வொன்றிலும் எந்தெந்த ஊரில் ஹால்ட் இருக்கிறது, அங்கே படுக்க என்ன இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுக்க உத்தரவிட வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

இப்படிக்கு,
நீலகிரி மலைத்தடத்தில் பணியாற்றும் ஒரு நடத்துநர்