பீடப் பணியில் நம் பெண்பிள்ளைகள்

எல்லோருக்கும் வணக்கம். பையன்களைப் போலப் பெண்பிள்ளைகளும் கோவில் பூசையில் குருவுக்குப் பீடத்தில் உதவலாமா என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் பலர் கேட்டீர்கள். உதவலாம். 1994இலேயே வத்திக்கான் இதை எழுத்தில் சொல்லிவிட்டது. ஆனால் அந்தந்த மறைமாவட்டத்தில் அனுமதிப்பது அதன் தலைவரான ஆயரின் (பிஷப்பின்) முடிவு. அவர் அனுமதித்தாலும் பங்குத்தந்தையைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் முறைப்படி நியமிக்கப்படும் வாசகர் (பூசையில் விவிலியம் வாசிப்பவர்), பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்குத் துணைநிற்பவர்) பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டார்.

பையன்கள் ஒதுங்கிவிடுவார்களோ என்ற கவலை எனக்கும் உண்டு. அவர்களும் தொடரட்டும், அந்த வழக்கம் நல்லதுதான். ஆனால் மறைக்கல்வியில் ஒரு நாளும் தவறாத பிள்ளை, "நான் ஏன் மணி அடிக்கக் கூடாது?" என்று கேட்டாளே, அவளுக்கு என்ன சொல்வது?

சம்மதமுள்ள பெற்றோர் சனிக்கிழமைக்குள் இங்கே எழுதுங்கள். சேர்ந்து போய் ஃபாதரிடம் கேட்போம்.